இடப்பக்கம் சுழலும் நத்தை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு நத்தைக்காகத்தான் தொடங்கியது. மனிதர்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டார்கள். தெரிந்தவர் வீட்டுச் சுவரில் ஒரு லினோ அச்சுப்படம் பார்த்தேன். இலைமேல் நத்தை. "இதோட ஓடு தப்பா சுத்துது, கவனிச்சீங்களா?" என்றார் அவர். நத்தையின் இடமும் வலமும் எனக்கென்ன தெரியும்? ஆனாலும் அன்றிலிருந்து அது என் மண்டைக்குள் ஊர்ந்துகொண்டே இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "அவன் போன பிறகு அவள் அழவில்லை."

(பொய். நன்றாகவே அழுதாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "மழை விட்ட ஒரு காலையில், ஜன்னலோரத்து..."

(மழை யாருக்கு வேண்டும். விஷயத்துக்கு வருகிறேன்.)

அவள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். எந்த அலுவலகத்திலும் இல்லை. சமையலறை மேசைதான் பட்டறை. லினோ என்கிற, ரப்பர் போல மெத்தென்ற தகட்டில் இலை, பூச்சி, பறவை என்று வரைவாள். வேண்டாததை உளியால் செதுக்கி எறிவாள். மிச்சமிருக்கும் மேட்டில் மை உருட்டி, காகிதத்தை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்ப்பாள். தகட்டில் இருப்பது காகிதத்தில் இடம் வலமாக மாறி விழும். அதனால் முதலிலேயே திருப்பி வரைய வேண்டும். அச்சில் எப்படி விழும் என்பதைக் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். அவளுக்குத் தெரியாததா? ஆனால் படத்தில் மூழ்கிவிட்டால் மறந்து தொலைப்பாள். அதற்குத்தான் அவன் இருந்தான். அவள் உளியை எடுக்கும்போதெல்லாம் அடுத்த அறையிலிருந்து குரல் வரும்: "கண்ணாடியில காட்டிப் பாத்தியா?"

ஒருநாள், "உன்மேல தப்பு ஒண்ணும் இல்ல. நமக்கு ஒத்து வரல, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

(இங்கே அவனைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். அவளே அவனைத் திட்டுவதில்லை, நான் யார்?)

3

தோட்டத்து உயிர்கள் பற்றிய குழந்தைகள் புத்தகம் ஒன்று வந்தது. அட்டைக்கு நத்தை. கிண்ணத்தில் விட்ட நத்தையைப் பார்த்து அப்படியே தகட்டில் வரைந்தாள், செதுக்கினாள், அச்சிட்டு அனுப்பினாள். அடுத்த அறையிலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

பதிப்பாசிரியர் அம்மா போன் செய்தார்.

"படம் அருமை. ஆனா ஓடு இடப்பக்கமா சுத்துதும்மா, நத்தைக்கு வலப்பக்கமாத்தானே சுத்தும். கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டுடவா?"

"அப்படி ஒரு நத்தையே கிடையாதா மேடம்?"

"எங்கயோ ஒண்ணு ரெண்டு பிறக்குமாம். பாவம், மத்ததோட உடம்பு பொருந்தாது. ஜோடி அமையாது."

"அமையவே அமையாதா?"

"அதே மாதிரி இன்னொண்ணு எதிர்ல வந்தா அமையும். வரணுமே."

அவள் மேசைமேல் கிடந்த தகட்டைப் பார்த்தாள்.

(அவள் மனதில் ஓடியதை அரைப் பக்கம் எழுதியிருந்தேன். செதுக்கிவிட்டேன். அவளுக்கு அவன் வேண்டும். அவ்வளவுதான்.)

"திருப்பாதீங்க மேடம். பக்கத்துல இதே மாதிரி இன்னொண்ணு செதுக்கித் தர்றேன்."

"ஒரு தப்பு போதாதுன்னு ரெண்டா?"

"ரெண்டு இருந்தா தப்பு இல்ல மேடம்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "சரி, அனுப்பு. பாக்கலாம்."

4

முடிவுகள்.

ஒன்று: அழைப்பு மணி அடிக்கிறது, வாசலில் அவன். எழுதிப் பார்த்தேன். எனக்கே கூச்சமாகிவிட்டது.

இன்னொன்று: புத்தகம் வருகிறது. ஏதோ ஒரு புத்தகக் கடையில் அவன் அட்டையைப் பார்க்கிறான். "இவ கண்ணாடியில பாக்கல" என்று சிரித்துக்கொண்டே புத்தகத்தை...

(எடுத்துக்கொள்கிறானா, திரும்ப அடுக்குகிறானா? இதை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

5

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். புதுத் தகட்டில் இரண்டாவது நத்தையை வரைந்தாள். இந்தமுறை தெரிந்தே, திருப்பாமல் நேராக. உளியை எடுத்ததும் பழக்கத்தில் காது அடுத்த அறைப் பக்கம் போனது. பிறகு எழுந்து, தகட்டைக் கண்ணாடிமுன் தூக்கிப் பிடித்தாள். ஓடு இடப்பக்கமாகச் சுழன்றது.

"பாத்தேன்" என்றாள், காலி அறையைப் பார்த்து.

மிச்சத்தை நீங்கள் செதுக்கிக்கொள்ளுங்கள். அவன் அந்தக் கடைப் பக்கம் போனால் மட்டும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.