வெள்ளை ஜீப்புக்குப் புதுமுகம்

தம்பிஐயாவின் வெள்ளை ஜீப்பை, யாழ்ப்பாணத் தீவு ஒன்றிலுள்ள இறுப்பிட்டியில் தெரியாதவர் இல்லை. அவர் பதுளையில் கடை வைத்து நல்லாக இருந்த காலத்தில் வாங்கியது. அப்போது அதன் விலையைக் கேட்டே பலருக்குத் தலை சுற்றியது. அவர் கனடா போய்ச் சேர்ந்த பிறகு சாவி சாரதி லவனின் கைக்கு வந்தது. கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு லவன் புறப்பட்டால், வேலிக்கு வேலி ஆள் மறிப்பார்கள். ஒருவருக்குக் குறிகட்டுவானில் படகு பிடிக்க வேண்டும், இன்னொருவருக்கு மா மூட்டை ஏற்ற வேண்டும். பத்து வருடத்தில் அந்த ஜீப்புக்குள்ளேயே இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. பேருக்குத்தான் அது தம்பிஐயாவினுடையது.

இந்த ஆடியில் வந்திறங்கிய அவருடைய மகன் கீர்த்திகனுக்கு ஜீப்பைக் கண்டதும் முகம் கோணிவிட்டது.

"என்ன அண்ணை, பால் வான் மாதிரி வைச்சிருக்கிறீங்கள்?"

கைத்தொலைபேசியில் புது மொடலின் படத்தைக் காட்டினான். அதே ஜீப்தான், முகம் மட்டும் வேறு. யாழ்ப்பாணத்துக் கராஜ் ஒன்றில் அதை மூன்று கிழமை விட்டார்கள். வெளியே வந்தபோது லவனுக்கே அடையாளம் தெரியவில்லை. மினுக்கம் இல்லாத கறுப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதுபோல முன்பக்கம். உள்ளே இருப்பவரின் மூக்கு நுனிகூடத் தெரியாத கறுப்புக் கண்ணாடி.

"கண்ணாடியில ஒட்டினது காயவேணும் அண்ணை. மூண்டு நாளைக்கு இறக்கக் கூடாது, இறக்கினால் உரிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை கலியாணத்துக்கு மச்சாள் பொம்பிளையா இதிலதான் வந்து இறங்குவா. ஏதும் பிழைச்சுதோ, சாவியை வேற ஆளிட்டக் குடுத்திடுவன். சொல்லிப்போட்டன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். லவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சாவியால்தான். கண்ணாடி இறக்கும் பொத்தான்களின்மேல் கராஜ்காரர் மஞ்சள் ரேப் ஒட்டியிருந்தார்கள். அதைத் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாக, வெள்ளிக்கிழமை மத்தியானம் தனியே ஊருக்குப் புறப்பட்டான். கீர்த்திகன் கலியாண உடுப்பு வாங்க யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டான்.

பாலம் கடந்து ஊருக்குள் வந்ததும் பழக்கத்தில் கையை உயர்த்தினான். ஒருவரும் திருப்பிக் கை காட்டவில்லை. தன்னை வெளியே தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, சைக்கிளை வேலியோடு சாய்த்து ஒதுங்கினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கதையை நிறுத்தினார்கள். தெரு திரும்பும் முடக்கில் கடை வைத்திருக்கும் ஆழ்வாப்பிள்ளை, தினமும் "எடேய் லவன், பேப்பர் கொண்டு வந்தனியோ?" என்று கத்துகிற அதே மனிதர், வாங்குப் பலகையில் இருந்து எழும்பினார். எழும்பி, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டார்.

அவருக்குப் பயம் என்று லவனுக்குத் தோன்றவே இல்லை. மரியாதை என்று நினைத்தான். உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் குளிர்ந்துபோனான். பத்து வருடமாக எல்லாருக்கும் ஓடித் திரிந்தவனுக்கு முதல்தரம் ஒரு மனிதன் எழும்பி நிற்கிறான். அந்தக் குளிர்ச்சியை நினைத்துப் பிறகு அவன் வெட்கப்பட்டது போல வேறெதற்கும் வெட்கப்பட்டதில்லை.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. ஊர் மருத்துவிச்சி நிலாந்தினி.

"லவன் அண்ணை, எங்க நிக்கிறீங்கள்? சரோஜினிதேவி அக்கா வீட்டை கெதியா வாங்கோ. மகள் பிரியவதனிக்கு இரத்தம் போகுது. இன்னும் மாதம் நிறையேல்லை. அம்புலன்ஸ் வேற இடத்தில நிக்குதாம், வர ஒரு மணித்தியாலம் ஆகும். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகவேணும்."

ஐந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தான். வேலிப் படலை அகலத் திறந்திருந்தது. வெள்ளை ஜீப் வருகிறது என்று நிலாந்தினி சொல்லி வைத்திருக்க வேண்டும். சரோஜினிதேவி ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கறுப்பு ஜீப் திரும்பியதைக் கண்டதும் அவளுடைய முகம் வெளிறியது. ஓடிவந்து படலையைச் சாத்திச் சங்கிலியைக் கொழுவினாள்.

லவன் கதவைத் திறந்து குதித்தான்.

"அன்ரி, நான் லவன்! திறவுங்கோ!"

"வெள்ளை ஜீப் எங்க?"

"இதுதான் அன்ரி அது. பெயின்ற் மாத்தினது. மேக்கப் போட்ட மாதிரி, வேறொண்டுமில்லை."

"என்ர பிள்ளையை இதுக்குள்ள ஏத்த மாட்டன்."

வீட்டு வாசலில் பிரியவதனி கதிரையில் சரிந்து கிடந்தாள். சட்டையின் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தது. புருஷன் கட்டாரில். அவளைத் தாங்கிப் பிடித்தபடி நிலாந்தினி கத்தினாள்.

"அக்கா, லவன் அண்ணையை உங்களுக்குத் தெரியாதோ? இப்பிடியே வைச்சிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை!"

"அண்டைக்கும் தெரிஞ்சவன்தான் இறங்கி வந்தவன்," என்றாள் சரோஜினிதேவி. அவள் கத்தவில்லை. "பத்து நிமிஷத்தில கொண்டுவந்து விடுறம் எண்டவன். இதே கறுப்புக் கண்ணாடி. கதவு சாத்தினாப் பிறகு அவர் எந்தப் பக்கம் இருந்தவர் எண்டுகூட எனக்குத் தெரியேல்லை."

அவளுடைய புருஷன் இளையதம்பியைக் கொண்டுபோனது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, சண்டைக் காலத்தில், பட்டப்பகலில். அவர் திரும்பி வரவேயில்லை. அன்றைக்குப் பின்னேரம் அவள் இந்தப் படலையிலிருந்து பாலம் வரைக்கும் வீடு வீடாக, கடை கடையாகக் கேட்டுப் போனாள். வாகனத்தைக் கண்டீர்களா, எந்தப் பக்கம் திரும்பியது, உள்ளே ஆர் இருந்தது? ஒருவரும் காணவில்லையாம். அந்தப் பகலில் ஊர் முழுக்கக் குருடாகிப் போனதுபோல, ஒரு வாயிலிருந்தும் "கண்டனான்" என்ற சொல் வரவில்லை. பதினெட்டு வருடமாக அவள் கண்ணீரைவிடக் கூடுதலாகக் கொட்டியது அந்த ஆத்திரத்தைத்தான்.

"அம்மா..." என்றாள் பிரியவதனி. அதற்குமேல் அவளுக்குச் சத்தம் வரவில்லை.

படலையைத் தள்ளி உடைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோமா? லவன் சங்கிலியில் கை வைத்தான். சரோஜினிதேவி போட்ட அலறலில் அயல் வீட்டுக் கதவு ஒன்று திறந்தது. திறந்த வேகத்திலேயே சாத்திக்கொண்டது. ஒருவரும் வெளியே வரவில்லை.

அவன் திரும்பி ஜீப்பைப் பார்த்தான். காலையிலிருந்து எத்தனையோ தரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பூரித்த வாகனம். இப்போது அதைக் கண்டு அவனே ஒரு அடி பின்னுக்கு வைத்தான்.

மறு நிமிடம் உள்ளே பாய்ந்து, மஞ்சள் ரேப்பைப் பிய்த்தெறிந்து, நாலு பொத்தான்களையும் ஒன்றாக அமத்தினான். கண்ணாடிகள் முனகிக்கொண்டு இறங்கின. காயாத கறுப்புத் தாள் சுருங்கி, மடிந்து, கிழிந்து தொங்கியது. போனது போனதுதான். உள்ளே கீர்த்திகன் இன்னும் கை வைக்காத பழைய பூப்போட்ட சீற் உறை தெரிந்தது. நயினை அம்மன் படம் ஆடியது. எத்தனையோ தரம் சரோஜினிதேவியே சந்தைப் பையோடு ஏறியிருந்த சீற் அது.

"கண்ணாடி ஏறாது அன்ரி. ஊர்காவற்றுறை போய்ச் சேருமட்டும் ஏறாது. நீங்கள் ஓரத்தில இருங்கோ."

அவள் உறையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். சங்கிலியைக் கழற்றினாள்.

நிலாந்தினியும் லவனும் பிரியவதனியைத் தூக்கி ஏற்றினார்கள். ஜீப் பறந்தது. சரோஜினிதேவி ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டினாள். முதல் வேலியில் நின்ற பெண்ணைக் கண்டதும் கத்தத் தொடங்கினாள்.

"நான் சரோஜினி! என்ர பிள்ளையை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்! லவன்தான் ஜீப் ஓடுறான்! கண்டனீங்களோ?"

ஒரு ஆளையும் அவள் விடவில்லை. சைக்கிள்காரர், தண்ணீர் அள்ளப் போனவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லாருக்கும் பேர் சொல்லி, ஊர் சொல்லி, கேள்வி கேட்டாள். முதலில் ஆட்கள் விறைத்துப்போய் நின்றார்கள். முடக்கில் ஆழ்வாப்பிள்ளை மறுபடி எழும்பி, மறுபடி சாரத்தை இறக்கினார்.

"ஆழ்வார் அண்ணை! நான் சரோஜினி! மணி மூண்டே கால்! கண்டனீங்களோ?"

கிழவர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு என்ன வந்ததோ, தெருவில் இறங்கி ஜீப்பின் பின்னால் ஓடிவந்தார்.

"கண்டனான் பிள்ளை! கண்டனான்!"

சரோஜினிதேவி தலையை உள்ளே இழுத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். பாலம் வந்ததும் மறுபடி தலையை நீட்டி, கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் வலை இழுத்தவர்களுக்கும் சொன்னாள். அவர்களுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் கை காட்டினார்கள்.

இன்னும் கால் மணித்தியாலம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். பெண் குழந்தை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாய் கண் திறந்துவிட்டாள். லவன் ஆஸ்பத்திரி மதிலோடு குந்தியிருந்து அழுதான்.

லவன் தொலைபேசியில் கீர்த்திகனுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவன் முதலில், "பிள்ளை சுகம்தானே?" என்று கேட்டான். பிறகு, "சொன்னது சொன்னதுதான் அண்ணை. திங்கட்கிழமை சாவியைக் கொண்டுவந்து தாங்கோ," என்றான்.

சனிக்கிழமை காலை, கிழிந்த தாள் காற்றில் படபடக்க லவன் ஊருக்குத் திரும்பினான். முடக்கில் ஆழ்வாப்பிள்ளை தெருவுக்கு நடுவே வந்து மறித்தார். சாரம் மடித்துக் கட்டியபடியே இருந்தது. இறங்கியிருந்த கண்ணாடியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளையும் தாயும்?"

"சுகம் அண்ணை."

அவர் கையை எடுக்கவில்லை.

"லவன், நான் நேற்று மட்டுமில்லை, அண்டைக்கும் கண்டனான்." தாடையால் முடக்கைக் காட்டினார். "இந்த முடக்கில அவங்கள் வாகனத்தை மெல்லமாக்கிக் கண்ணாடியை ஒரு சாண் இறக்கினவங்கள், துப்புறதுக்கு. இளையதம்பி இடப்பக்கம் இருந்தவன். என்னைக் கண்டிட்டு, ஆழ்வார் அண்ணை எண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டவன். நான்... சாரத்தை இறக்கிவிட்டிட்டு நிண்டனான்."

லவனுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. திங்கட்கிழமை வரைக்கும் சாவி அவனிடம்தான்.

"என்னட்டச் சொல்லி என்ன? அன்ரி ஊர்காவற்றுறையில நிக்கிறா. ஏறுங்கோ."

ஆழ்வாப்பிள்ளை கடைப் பலகையைச் சாத்திவிட்டு வந்தார். பின் கதவில் கை வைத்தவர், பிறகு சுற்றி வந்து முன் சீற்றில் ஏறி, முழங்கையை வெளியே போட்டார்.

"ஆக்கள் என்னைக் காணட்டும்," என்றார்.