திருப்பிச் சொல்லும் தொழில்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்டை இழுக்கும் மோட்டார் இருக்கிற அறைக்குள், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து என் மகள் எழுதிய காகிதங்களைப் படிக்க ஆரம்பித்தேன். கருவிப் பையில் கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்ததால் முதல் பக்கத்தில் என் கட்டைவிரல் ரேகை விழுந்திருந்தது.

அவளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்றில் நாடகம் எழுதும் படிப்பு, இன்னொன்றில் திரைக்கதைப் படிப்பு. இரண்டும் மூன்று வருடம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன், அவள் விளக்கினாள், எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒன்றுக்குச் சரி என்று பதில் போட வேண்டும். விண்ணப்பத்தோடு எழுதி அனுப்பிய நாடகத்தையும் திரைக்கதையையும் நேற்று சாயங்காலம் மேசைமேல் வைத்து, "படிச்சுட்டு எதுன்னு நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள். காலையில் நான் செருப்பு மாட்டும்போது, "படிக்க வேண்டாம்ப்பா, திரைக்கதையே எடுத்துக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதங்கள் அதற்குள் பைக்குள் போயிருந்தன.

முதலில் திரைக்கதையைத்தான் படித்தேன். வசனமே இல்லை. ஒரு வீடு. அடுப்படியில் ஒரு பெண் தட்டு கழுவுகிறாள். கூடத்தில் போன் அடிக்கிறது. அப்பா எடுக்கிறார், கேட்கிறார், வைக்கிறார். மெல்ல நடந்து வந்து குழாயை மூடுகிறார். ஒரு மஞ்சள் துண்டால் அவள் கையைத் துடைத்துவிடுகிறார். இருவரும் தரையில் உட்காருகிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் மஞ்சள் துண்டு கிடையாது. நான் குழாயை மூடியதாகவும் ஞாபகம் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த நாள் அது. அவளுக்குப் பதினைந்து வயது. என் மனைவி அங்கே பதினோரு நாளாகப் படுத்திருந்தாள்.

நாடகம் நாலு பக்கம். அதே வீடு, அதே போன். அப்பா எடுக்கிறார். கீழே இப்படி இருந்தது:

அப்பா (உரக்க): அஞ்சு இருபதுக்கு இறந்துட்டாங்க. நாலாவது மாடி. அடையாள அட்டை கொண்டு வரணும். சரிதானே?

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒருவர் இந்த அறையில் மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்பார், மற்றவர் கீழே லிஃப்டின் கூரைமேல் நிற்பார். லிஃப்டை நகர்த்துகிறவர் "மேலே" என்று கத்தினால், கூரைமேல் நிற்கிறவர் அதே சொல்லைத் திருப்பிக் கத்த வேண்டும். அது காதில் விழாமல் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் நிற்கிறவன் நசுங்கிப் போவான். இருபத்தாறு வருடமாக யார் எதைச் சொன்னாலும் என் வாய் தானாகத் திருப்பிச் சொல்லும். கடையில்கூட. என் மனைவி அதற்காகவே என்னை எக்கோ என்று கூப்பிடுவாள்.

அன்றைக்கும் சொல்லியிருக்கிறேன். அம்மா செத்த செய்தி அந்தப் பிள்ளைக்கு, அடையாள அட்டையோடு சேர்த்து, என் தொண்டையிலிருந்துதான் போயிருக்கிறது. அவள் ஈரக்கையோடு வந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காகிதங்களுக்கு அடியில் நாடகக் கல்லூரியின் கடிதம் இருந்தது. சேருகிறவர்கள் அனுப்பிய நாடகத்தை முதல் வருடமே மேடையேற்றுவார்களாம். குடும்பத்தாருக்கு முன்வரிசை. காலையில் அவள் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஆசையாக எழுதியதை எனக்காக விட்டுவிடப் பார்க்கிறாள். மணி பதினொன்று ஐந்து. போன் போட்டேன்.

"என்னப்பா, வேலை நேரத்துல?"

"ரெண்டையும் படிச்சேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தாள்.

"அப்படியா பாப்பா கத்தினேன்?"

"பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்ப்பா."

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியும்ப்பா. தெரிஞ்சு செய்யலன்னு எனக்குத் தெரியும்."

"கோவமா?"

"ரொம்ப நாள் இருந்துச்சு. எழுதறப்ப அந்த 'சரிதானே'வுக்கு மட்டும் சிரிப்பு வந்துடுச்சு. எத்தனை தடவை மாத்திப் பார்த்தாலும் அது போகமாட்டேங்குது."

"நாடகத்துக்கே பதில் போடு."

"முன்வரிசைல உக்கார வைப்பாங்கப்பா. யாரோ ஒருத்தர் உங்களை மாதிரி கத்துவாரு. ஜனங்க சிரிச்சாலும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். உக்காந்துக்கறேன். நாடகம்னு போடு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "நாடகம்" என்றாள். வைத்துவிட்டாள்.

என் கூட்டாளி கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தடிக் கண்ணாடி போட்டிருப்பதால் எல்லாருக்கும் அவன் சோடாபுட்டி. "என்னய்யா, பரீட்சைக்கா படிக்கிறே? லிஃப்ட் ஓடலன்னு கீழேர்ந்து நாலு பேர் படியேறி வந்து என் உசுர வாங்கறாங்க" என்றான். காகிதங்களைப் பையில் வைத்துவிட்டு எட்டாவது மாடிக்கு இறங்கிப் போய், கதவைத் திறந்து லிஃப்டின் கூரைமேல் காலை வைத்தேன்.

உள்ளே இருட்டு. தலை விளக்கின் வெளிச்சத்தில் கம்பிவடங்கள் மேலே போய் மறைந்தன. மேலேயிருந்து சோடாபுட்டி கத்தினான்.

"மேலே!"

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. லிஃப்ட் நகரவில்லை. அவன் நகர்த்த மாட்டான்.

"யோவ், மேலே! காதுல விழுதா?"

வடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் துடைக்கலாம் என்றால் கையுறை முழுக்க கிரீஸ். மேலே மோட்டார் அறைத் தரையில் இருக்கிற சின்னச் சதுர ஓட்டையின் வெளிச்சத்தில் அவன் தலை எட்டிப் பார்த்தது. என் குரலுக்காகக் காத்திருந்தது.