லொரெய்னின் தங்கத்துக்கு ஒரு காப்பாளர்

முப்பத்தொரு வருடம் அயோவா மாநிலம் முழுக்கப் பெட்ரோல் பங்குகளில் அளவு சரியா என்று சோதித்தவன் நான். ஒரு கேலன் என்று சொல்லிப் பாதிக் காற்றை ஊற்றுகிறவனை நூறு மைல் தொலைவிலேயே மோப்பம் பிடிப்பேன். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு வந்தால்கூட அடியில் தட்டிப் பார்ப்பேன் என்று என் மனைவி லொரெய்ன் சொல்வாள். அபாண்டம். ஒரே ஒரு முறைதான்.

குளிர்சாதனப் பெட்டி ஆலையில் அவள் நின்றே வேலை பார்த்துச் சேர்த்த ஓய்வுக்கால நிதி அவள் பெயரில் இருந்தது. இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டாலர். அதில் பாதியைத் தங்கமாக்க ஆசைப்பட்டாள். வரிச்சலுகை போகாமல் இருக்க வேண்டுமானால் தங்கம் நம் கைக்கு வரக்கூடாது. அனுமதி பெற்ற காப்பாளர் நிறுவனம் ஒன்று கணக்கைப் பார்த்துக்கொள்ளும். கட்டிகள் எங்கோ ஒரு பெட்டகத்தில் தூங்கும். தப்பான ஆளிடம் மாட்டினால் அவளுடைய அத்தனை வருடக் கால்வலியும் வீண்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன். நாற்பது நிறுவனங்களுக்குப் போன் செய்தேன். லொரெய்ன் மூன்று என்கிறாள்.

முதலில் பேசியவன் பெயர் டிரென்ட். குரலில் மேப்பிள் பாகு வழிந்தது.

"தங்கத்த எங்க வீட்டுலயே வச்சுக்கலாமா தம்பி?" என்று தூண்டில் போட்டேன்.

"தாராளமா சார். ஒரு கம்பெனி ஆரம்பிச்சு அது பேர்ல வச்சுக்கலாம்."

பட்டியலில் அவன் பெயர்மேல் அடித்தேன் ஒரு கோடு.

அடுத்தவனிடம், மனைவிதான் கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டேன். "நீங்களே போட்டு அனுப்புங்க சார். யாரு பாக்கப்போறா?" என்றான். கோடு போட்ட வேகத்தில் பென்சில் முறிந்தது.

மூன்றாவது, பெர்னடெட் என்ற பெண்மணி. வாளியில் ஜல்லி உருளும் குரல்.

"கணக்கு யார் பேர்ல?"

"என் மனைவி பேர்ல. ஆனா எல்லாத்தையும் நான்தான்..."

"அவங்ககிட்ட குடுங்க."

"தக்காளிக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கா."

"ஊத்திட்டு வரட்டும்."

சும்மா இருப்பேனா? தொண்டையை இறுக்கிக் குரலைக் குயிலாக்கினேன். "ஹலோ, லொரெய்ன் பேசுறேன்."

"சார், இன்னும் நீங்கதான் பேசுறீங்க. இன்னொரு தடவ இப்படிப் பண்ணா மோசடின்னு எழுதி வச்சிருவேன்."

என்னைவிடச் சந்தேகப் பிராணி ஒன்று இந்த நாட்டில் உண்டா? எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஓடிப்போய் லொரெய்னை இழுத்துவந்தேன்.

என் குயில் குரலைப் போட்டுக்கொடுத்த கையோடு அவளிடம் பெர்னடெட் கேட்ட முதல் கேள்வி எனக்கும் கேட்டது. "யாராவது உங்கள வற்புறுத்துறாங்களா மேடம்?"

லொரெய்ன் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வற்புறுத்தல் இல்ல. தொந்தரவு மட்டும்தான்."

பிறகு அவள் தன் பங்குக்குக் குடைந்தாள். கட்டிகளை மற்றவர்களுடையதோடு கலக்காமல் வைப்பீர்களா, கட்டணம் வருடாவருடம் ஏறுமா, பணம் எப்படி வந்து சேரும்?

"பழைய நிதியிலேருந்து நேரா எங்களுக்கு வரணும் மேடம். உங்க கைக்குக் காசோலை வரவே வேணாம்."

லொரெய்ன் தலையாட்டினாள். "சரி, உங்ககிட்டயே ஆரம்பிக்கிறேன். ஒண்ணு கேக்கணும். இவர் திரும்ப என் குரல்ல கூப்பிட்டா?"

"ரகசியச் சொல் ஒண்ணு வச்சிரலாம்."

போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். உள்ளே இருவரும் சிரிப்பது கேட்டது.

நான்கு மாதமாயிற்று. எங்கள் நாயின் பெயர், அவள் பிறந்த ஊர், அவளுடைய முதல் காதலன் என்று இருநூறு சொல்லாவது சொல்லிப் பார்த்துவிட்டேன். நேற்றும் கூப்பிட்டேன்.

"அதுவும் இல்ல வெண்டல்," என்றாள் பெர்னடெட். "போன வைக்கவா?"