அவசரம் என்று வருகிற மெயில்

சமையலறை ஆட்களை மடக்குவதற்கு எதைப் போட வேண்டும் என்று ஜெனனிக்குத் தெரிந்திருந்தது. அங்கேதான் பிழை தொடங்கியது. அது தெரியாதவளாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை.

சுவிஸில் துன் ஏரிக்கரைப் பக்கம் நாலு முதியோர் இல்லங்களை நடத்தும் நிறுவனத்தில் அவள் தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளர். பெயர்தான் பெரிது. திருடன் எந்த வழியால் உள்ளே வருவான் என்று அவனுக்கு முதலே யோசித்து அந்த வழியை அடைப்பது, அவ்வளவுதான் வேலை. பூட்டாமல் கிடந்த சேர்வர் அறை, திரையின் மூலையில் எழுதி ஒட்டியிருந்த கடவுச்சொற்கள், காலாவதியான கணினிகள் எல்லாவற்றையும் வந்த ஒரு வருடத்திலேயே ஒழுங்குபடுத்திவிட்டாள். மிச்சம் இருந்தது மனிதர்கள். மனிதர்களுக்குப் பூட்டுப் போட முடியாதே. அதனால் இடைக்கிடை போலி மெயில் அனுப்பி, யார் அதிலுள்ள இணைப்பை அழுத்துகிறார்கள் என்று பார்ப்பாள்.

அலுவலகத்துச் சுவிஸ்காரர்கள் பார்சல் வந்திருக்கிறது என்றால் போதும், விழுந்தடித்து அழுத்தினார்கள். சமையலறையிலும் துப்புரவிலும் இருந்த தமிழர்கள் ஒன்றையும் அழுத்தவில்லை. அவர்கள் அத்தனை விழிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மன் மொழியில் வரும் மெயிலை அவர்கள் திறப்பதே கிடையாது. மேலாளர் மோஸர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அப்படியானால் அவர்களிடம் உள்ள ஆபத்தை நாம் இன்னும் அளக்கவேயில்லை என்றார். ஜெனனிக்கு ரோசம் வந்துவிட்டது. தன்னால் அளக்க முடியும் என்று சொன்னாள்.

அவள் செய்த பொறி ஒரு மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் சுவிஸை வதிவிடமாகவும் கொண்ட ஒருவர் காலமானார், விபரத்துக்கு இங்கே அழுத்தவும் என்று தமிழில் எழுதி, மேலே இரண்டு குத்துவிளக்குப் படமும் வைத்தாள். அழுத்தினால் வேலையிடத்துக் கடவுச்சொல்லைக் கேட்கும். நம் ஆட்கள் கலியாண வீட்டுக்குப் போகாமல் விட்டாலும் விடுவார்கள், செத்த வீட்டுக்குப் போகாமல் விடமாட்டார்கள். விட்டால் ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னரே ஏறக்குறைய எல்லாரும் பொறிக்குள் இருந்தார்கள். முதலில் விழுந்தது சமையலறைச் சிவகலா.

மோஸர் பிரமாதம் என்றார். ஜெனனிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் எல்லாரையும் கூட்டி வைத்து விளக்கம் சொன்னபோது, சிவகலா எல்லாருக்கும் முன்னால் அழுதுவிட்டாள். ஐம்பத்தெட்டு வயது மனுசி, இருபது வருடமாக அங்கே சமைப்பவள்.

"சாவை வைச்சு விளையாடுறதோ பிள்ளை? நான் ஆரோ எவரோ எண்டு நெஞ்சு பதறிப்போனன்."

"கள்ளனும் உதைத்தான் செய்வான் அன்ரி. அவனுக்கு ஈவிரக்கம் இருக்காது."

பதில் சரியான பதில்தான். சொன்னவளுக்கே அது உறுத்தியது. அதை மறைக்க இன்னும் கறாராகக் கதைத்தாள்.

"ஆரும் உங்களை அவசரப்படுத்தினா அவன் கள்ளன் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. தெரியாத ஆளட்டையிருந்து வந்தாத் திறக்கவே வேண்டாம். மேலை இருக்கிற சிவப்புப் பொத்தானை அமத்துங்கோ, அது என்னட்டை வரும். நான் பாத்துச் சொல்லுவன்."

சிவகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வந்ததெல்லாம் ஜெனனியிடம் வந்தது. வேலை நேர அட்டவணை, தீயணைப்புப் பயிற்சி, மோஸரின் பிறந்தநாள் வாழ்த்து எதுவும் தப்பவில்லை. ஜெனனி முதலில் சிரித்தாள், பிறகு அலுத்துக்கொண்டாள். பிறகு ஒரு பார்வை பார்த்துவிட்டு 'மோசடி' என்ற பொத்தானை அழுத்திவிடப் பழகினாள். அழுத்தினால், அவளே தமிழில் எழுதி வைத்த பதில் போகும்: 'நன்றி. இது மோசடி மெயில். சரியாகக் கண்டுபிடித்தீர்கள்.' சிவகலா அந்தப் பதில்களைக் காய் வெட்டும் மேசையில் வைத்து மற்றவர்களுக்குக் காட்டுவாளாம்.

வெள்ளிக்கிழமை காலை ஜெனனியின் தாய் ஜெயந்தி தொலைபேசி எடுத்தாள்.

"பிள்ளை, உங்கடை சிவகலா இண்டைக்கு வேலைக்கு வந்திருக்கிறாவோ?"

"ஓம். ஏன்?"

"என்ன மனுசியடி அவ! தமையன் கனகரத்தினம் லா ஷோ-து-ஃபோனிலை மோசம் போட்டார். இண்டைக்குப் பின்னேரம் பிரேதம் எடுக்கினம். இவ வேலைக்கு வந்து நிக்கிறாவோ? அவ்வளவு வைராக்கியமோ?"

ஜெனனி தொலைபேசியை வைத்தாள். கை தன்பாட்டில் சிவப்புப் பொத்தான் மெயில்கள் சேரும் பெட்டியைத் திறந்தது. திறக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இந்த வாரத் தொடக்கத்தில் வந்தது மரண அறிவித்தல். அவளுடைய பொறியை அச்சொட்டாக ஒத்திருந்தது, அல்லது அவளுடைய பொறி இதை ஒத்திருந்தது. அவள் மேலே மட்டும் பார்த்து, யாரோ தன்னுடைய யோசனையைக் களவெடுத்துவிட்டான் என்று நினைத்து அழுத்தியிருக்கிறாள். கீழே இறங்கிப் பார்த்திருந்தால் சகோதரி சிவகலா, துன் என்று இருந்திருக்கும்.

அதற்கு முந்தின வாரம் இன்னொன்று. அதே முகவரி, வெளியே பெயர் இல்லை; உள்ளே அடியில்தான் பானுஜன் என்று இருந்தது. தலைப்பு: அவசரம். 'மாமி, நான் அண்ணன் மகன். உங்கள் நம்பருக்கு எடுத்தால் போகுதில்லை, வேலையிடத்துக்கு எழுதுகிறேன். அப்பா ஆஸ்பத்திரியில். உங்களை ஒருக்கா பார்க்க வேணும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கெதியா வாங்கோ.' அதன் அடியில் ஜெனனியின் பதில்: சரியாகக் கண்டுபிடித்தீர்கள். இதை அவள் முழுக்க வாசித்திருந்தாள். வாசித்து, உறவுமுறை சொல்லி அவசரப்படுத்துகிறான், கெட்டிக்காரக் கள்ளன் என்று மனதுக்குள் மெச்சியும் இருந்தாள்.

சிவகலாவுக்கும் தமையனுக்கும் ஆறு வருடமாகக் கதை பேச்சு இல்லை. தமையன் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் மாமிக்காரி ஆலாத்தி எடுக்க நின்றிருக்க, தமையன் மனைவி வழியில் ஒருத்தியை முதலில் கூப்பிட்டுவிட்டார்கள். சிவகலா சாப்பிடாமல் மண்டபத்தை விட்டு வெளியேறினாள். அந்த வீட்டு நம்பர்களை எல்லாம் தொலைபேசியில் தடுத்தும் வைத்தாள். அதனால்தான் ஊர் முழுக்கத் தெரிந்த சாவு அவளுக்கு மட்டும் தெரியவில்லை. தெரிந்திருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள், கோபக்காரியிடம் போய்க் கேட்கத்தான் ஒருவருக்கும் துணிவில்லை.

சமையலறையில் சிவகலா கரட் நறுக்கிக்கொண்டு நின்றாள். ஜெனனி அவளை வெளியே கூட்டிவந்து, மாப்பெட்டிகள் அடுக்கியிருந்த ஒடுங்கிய இடத்தில் வைத்துச் சொன்னாள். சிவகலா கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப உண்மையான அறிவித்தலோ அது? நீர் பொய்யெண்டெல்லே போட்டனீர்?"

இந்த இடத்தில் ஜெனனி உண்மையைச் சொல்லியிருக்கலாம். நா வரைக்கும் வந்தது.

"அது நான் இல்லை அன்ரி. மெஷின் தன்ரை பாட்டிலை போடுற மறுமொழி."

"மெஷினுக்கு என்ன தெரியும், பாவம்," என்றாள் சிவகலா. அந்த நேரத்திலும் அவள் மெஷினுக்காகப் பாவப்பட்டாள். ஜெனனிக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது. ஆஸ்பத்திரி மெயிலைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

மோஸரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சிவகலாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். இருவரும் வேலை உடுப்போடுதான். பேர்ன் தாண்டும்வரை சிவகலா அழுதாள். பிறகு தமையனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். அவர் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்தாராம், அந்தச் சின்னச் சின்னச் சாமான் பார்த்துக் கண் பழுதாய்ப் போனதாம். அகதியாக வந்த புதிதில் அவளுக்குக் கம்பளிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தது அவர்தானாம்.

"ரெண்டு பேருக்கும் வீம்பு பிள்ளை. அவர் ஒருக்கா, ஒரே ஒருக்கா, தங்கச்சி வா எண்டு கேட்டிருந்தா நான் ஓடிப்போயிருப்பன். கேக்காமலே போட்டார்."

ஜெனனி வீதியைப் பார்த்தாள். 'கேட்டவர் அன்ரி' என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவளுடைய வாசிப்பும், அவளுடைய அழுத்தலும், மெஷின் மேல் போட்ட பழியும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். நொஷாத்தெல் கழிந்து நீளச் சுரங்கப் பாதை வந்தது. அது முடிவதற்குள் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாள். முடிந்தது. வெளியே வெயில் இருந்தது, அவள் சொல்லவில்லை.

நேரத்துக்குப் போய்விட்டார்கள். எரிப்பு மண்டபத்தில் பெட்டி இன்னும் திறந்திருந்தது. சமையல் உடுப்போடு சிவகலா உள்ளே நடக்க, கூட்டம் விலகி வழி விட்டது. அவள் தமையனின் முகத்தைத் தடவி, வாய்க்கரிசி போட்டு, 'என்ரை அண்ணை' என்று ஒரே ஒரு தடவை ஓவென்று அழுதாள். கதவடியில் நின்ற ஜெனனிக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. முகம் பார்த்துவிட்டாள். தப்பித்தேன் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுக்கவும் செய்தாள்.

பெட்டி உள்ளே போன பிறகு பக்கத்து அறையில் தேத்தண்ணி கொடுத்தார்கள். சிவகலா ஒரு கதிரையில் இருந்தாள். தமையன் மனைவி அவளைக் கடந்து போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்களும் அப்படித்தான். அவளுக்குப் பக்கத்துக் கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன.

"பழைய கோவம் இன்னும் ஆறேல்லைப் போல," என்று சிவகலா ஜெனனியிடம் மெல்லச் சொன்னாள். "பரவாயில்லை. நீர் கூட்டிக்கொண்டு வராட்டி நான் அவரின்ரை முகத்தையே கண்டிருக்க மாட்டன். உமக்குக் கோடி புண்ணியம்."

தேத்தண்ணித் தட்டோடு வந்தவன் தமையன் மகன் பானுஜன். மாமிக்கு ஒரு கோப்பை கொடுத்தான், முகம் கொடுக்கவில்லை. ஜெனனி அவன் பின்னால் போனாள். அவன் அவளைச் சிவகலாவின் மகள் என்று நினைத்துக்கொண்டு அடங்கிய குரலில் சொன்னான்:

"அப்பா கடைசி மட்டும் கதவைப் பாத்துக்கொண்டு கிடந்தவர். நான் எழுதினனான். மாமி வரேல்லை. செத்தாப் பிறகு வந்து அழுது என்ன? நான் அவவுக்கு ஒண்டும் சொல்ல மாட்டன். அம்மாவும் சொல்ல வேண்டாமெண்டவ."

அவ்வளவுதான். இனி அது ஒருபோதும் வெளியே வராது. இவர்கள் சொல்ல மாட்டார்கள், சிவகலா பழைய கோபம் என்று நினைத்துக்கொண்டு வீடு போவாள், ஜெனனி திங்கட்கிழமை வேலைக்குப் போவாள். எந்த ஓட்டையும் தெரியாமல் தானாக அடைபட்டுவிட்டது. தன் வாழ்நாளில் இத்தனை பத்திரமாக அவள் இருந்ததில்லை. அந்தப் பாதுகாப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"நான் மகள் இல்லை," என்றாள். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. அறை திரும்பிப் பார்த்தது. "அவவின்ரை வேலையிடத்திலை மெயில் பாக்கிறவள். தெரியாத ஆக்களின்ரை மெயிலைத் திறக்க வேண்டாமெண்டு படிப்பிச்சது நான். உங்கடை ரெண்டு மெயிலையும் அவ திறக்காமல் என்னட்டைத்தான் அனுப்பினவ. அப்பா கேக்கிறார் எண்டு நீங்கள் எழுதினதை நான்தான் வாசிச்சனான். வாசிச்சுப்போட்டு, பொய்யெண்டு அவவுக்கு மறுமொழி போட்டனான். மாமிக்கு ஒண்டும் தெரியாது."

தட்டில் கோப்பைகள் கிலுங்கின. தமையன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிவகலா கதிரையிலிருந்து எழும்பினாள்.

"மெஷின் எண்டனீர்."

"பொய் அன்ரி. நான்தான். இண்டைக்குக் காலமையே எனக்குத் தெரியும். காரிலை சொல்ல ஏலாமல் போச்சுது."

அடி விழும் என்று ஜெனனி நின்றாள். விழுந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். திட்டட்டும், தலைமயிரைப் பிடித்து உலுக்கட்டும், மண்டபத்தை விட்டுத் துரத்தட்டும். சிவகலா அவளைப் பார்க்கவேயில்லை. பானுஜனைத்தான் பார்த்தாள்.

"அண்ணை என்னைக் கேட்டவரோ?"

"ஓம் மாமி. ஒவ்வொரு நாளும்."

"வராததுக்கு என்ன நினைச்சவர்?"

பானுஜன் தட்டைக் கீழே வைத்தான்.

"கோவம் இன்னும் தீரேல்லை எண்டு நினைச்சவர்."

தமையன் மனைவி ஓடிவந்து சிவகலாவைக் கட்டிப்பிடித்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு இரண்டு பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் சிவகலா அந்தப் பிடிக்குள் இருந்தபடியே தலையை நிமிர்த்தி ஜெனனியைத் தேடினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஜெனனி எப்படியாவது சமாளித்திருப்பாள்.

"எனக்குத் தெரிஞ்சிட்டுது. இவைக்கும் தெரிஞ்சிட்டுது," என்றாள் சிவகலா. "எனக்குக் கோவம் இல்லையெண்டு அவருக்கு இனி ஆர் பிள்ளை போய்ச் சொல்லுறது?"

யாரோ அவள் கையிலும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைத் தந்தார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு நின்றாள்.