மூன்றாவது விரல்

பதினொன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் குணாளன் பொருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரும்பலகை முன்னால் நின்று போதைப் பாக்கின் கெடுதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் அன்புசெல்வன். போன தீபாவளி வரை, கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் பெட்டிக்கடைக்குப் பின்னால் இவனோடு சேர்ந்து அதே பாக்கை மென்றவன். இன்று பள்ளியின் போதை எதிர்ப்பு மன்றத்துக்கு மாணவர் தலைவனாம்!

“டேய், ஒரே பாக்கெட்ட ரெண்டு பேரும் பிச்சுத் துன்னோம். இப்போ எங்களுக்கே கிளாஸ் எடுக்குறியா? வாத்தியாருக்கு சோப்பு போட்டுக்கினு திரியுற!” என்று குணாளன் கத்தினான்.

வகுப்பு சிரித்தது. விசில் பறந்தது. அன்புசெல்வனின் மார்பில் ஒரு காகித உருண்டை வந்து விழுந்தது. அவன் நகரவில்லை.

“ஆமாடா, துன்னேன். அதான் நானே பேசுறேன். மூணு வெரல ஒண்ணா சேத்து, நெட்டுவாக்குல வாய்க்குள்ள விட்டுப் பாருங்க. நல்ல வாய்னா மூணும் போவும். எனக்கு ரெண்டுதான் போவுது.”

விளையாட்டாக எல்லாரும் விட்டுப் பார்த்தார்கள். குணாளனும் கேலியாகத்தான் கையைத் தூக்கினான். இரண்டு விரல் நுழைந்தது. மூன்றாவது பல்லில் இடித்தது. அழுத்தினான், கன்னத்தின் உட்புறம் தோல்வார்போல் இறுகி வலித்தது. இரண்டு மாதமாகக் குழம்பு எரிகிறது என்று அம்மா பச்சையம்மாவிடம் தட்டைத் தள்ளிவிட்டுச் சண்டை போட்டதெல்லாம் ஞாபகம் வந்தது.

“இவனுக்குப் போவலடா!” என்று பக்கத்திலிருந்த சரவணகுமார் கூவினான்.

சிரிப்பு குணாளன் பக்கம் திரும்பியது. அவன் பாய்ந்து சென்று அன்புசெல்வனை அறைந்தான். “என் மானத்த வாங்கவாடா வந்த?”

அன்புசெல்வனின் உதடு கிழிந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. “பாக்க வுடலன்னா வாயே தொறக்க முடியாதாம், கேன்சர்கூட வருமாம். டாக்டர் சொன்னாரு. வியாழக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறேன். வா.”

குணாளன் வகுப்பைவிட்டு வெளியேறினான்.

வியாழக்கிழமை பேருந்து நிறுத்தத்தில் அவனே வந்து நின்றான். முகத்தில் கடுப்பு இன்னும் குறையவில்லை.

“பாக்க வுடுடான்னு எங்கம்மா அழுதுக்கினே சொன்னாங்க. ஹெட்மாஸ்டர் டிசி குடுத்துடுவேன்னு மெரட்டுனாரு. எதுவும் காதுல ஏறல. கூட நின்னு துன்ன நீ சொன்னப்பதான்டா பயம் வந்துச்சு. உனக்கு மொத பாக்கெட் குடுத்தவனே நான்தான். பசங்க கெட்டுப்போறது கூட்டாளிங்களாலதான். அப்போ திருத்துறதும் கூட்டாளிங்க வேலதான். அடுத்த கிளாஸுல நானும் உன்கூட நிக்கிறேன். எவன் அடிச்சாலும் சரி.”