எலுமிச்சை, சாவி, பலூன்

வார்டில் நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் துறுதுறு. செல்லமாக வைத்தது என்றுதான் அவள் முதலில் நினைத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் வலது கால் ஆடும், பேனா கையில் இருந்தால் டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே இருப்பாள், நோயாளி வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவாள்; இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் என்பது தாமதமாகத்தான் புரிந்தது. மனநல மருத்துவம் படிக்க வந்தவளுக்கு இப்படியொரு பெயர் கிடைத்தால் அதை வெளியில் சொல்லிப் பெருமைப்பட முடியாது.

எழுத்துத் தேர்வில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. செய்முறைத் தேர்வில்தான் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, எதிரில் நோயாளியாக நடிக்க வந்த ஒருவர், மூலையில் தாளும் கையுமாக இரண்டு தேர்வாளர்கள். மணி அடித்தால் உட்கார வேண்டும். ஏழு நிமிடம் கழித்து மறுபடி மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். இரண்டு முறையும் அவள் தாளில் ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள்: கேள்வி கேட்கிறார், பதிலுக்குக் காத்திருப்பதில்லை. மூன்றாவது முறையும் தவறினால் மூன்று வருடப் பயிற்சி அத்தோடு சரி, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அந்த மூன்றாவது முறை நாளைக் காலை ஒன்பதரைக்கு.

அன்று மதியம் பெரிய டாக்டர் பயிற்சி மருத்துவர்களை எல்லாம் மூன்றாம் படுக்கைக்கு அழைத்துப் போனார். மூன்றாம் படுக்கைக்காரர் வார்டில் ஆறு வாரமாக இருப்பவர். வெள்ளைக் கோட்டுகளைக் கண்டதும் யாரும் கேட்காமலே கையைத் தூக்கி, "எலுமிச்சை, சாவி, பலூன்!" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஞாபக சக்தியைச் சோதிக்க வார்டில் வைத்திருந்த அட்டையில் இருந்த மூன்று வார்த்தைகள் அவை. மூன்றையும் சொல்ல வேண்டும், நடுவில் ஒரு கணக்குப் போடச் சொல்லி மனதைத் திருப்ப வேண்டும், பிறகு அந்த மூன்றும் என்னவென்று கேட்க வேண்டும். வருஷம், மாசம், கிழமை, இருக்கும் இடம் எல்லாம் சேர்த்து முப்பது மார்க்.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை.

"சரி, இவருக்கு இன்னிக்கு காலைல என்ன சாப்பிட்டோம்னு தெரியுமான்னு யாராவது கேளுங்க" என்றார். கேட்டார்கள். தெரியவில்லை. "ஒரே அட்டைய நூறு தடவ ஓட்டினா செவுரு கூட பதில் சொல்லும். மனப்பாடம் பண்ணவருக்கு ஞாபகம் நல்லா இருக்குன்னு எழுதிடாதீங்க. நாளைக்குப் பரீட்சைல அட்டைய மாத்திட்டாங்க. குடை, சோப்பு, நாற்காலி. வாயில வர்ற மாதிரி இன்னிக்கே பழகிக்குங்க."

அவளுக்குக் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். ஐயோ, புது வார்த்தையா, சொல்லும்போது நாக்குக் குழறப்போகிறது என்று அப்போதே கால் ஆட ஆரம்பித்துவிட்டது. வீடு போய்ச் சேரும் வரை பஸ்ஸில் குடை, சோப்பு, நாற்காலி என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஒரு மாதமாக வீட்டில் அவளுக்கு நோயாளி அப்பாதான். முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் டாக்டராக உட்கார, தான் நோயாளியாக உட்கார்வதில் அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சாயங்காலம் ஆனால் முகம் கழுவி, தலை வாரி, நாள்காட்டியின் முன்னால் போய்ச் சற்று நேரம் நிற்பார். பிறகு மேஜைக்கு வந்து கொஞ்சம் ஒருக்களித்து உட்கார்வார். இடது கை சட்டைப் பையிலும் மேஜைக்கு அடியிலுமாகவே இருக்கும். எத்தனை வருடம் சில்லறையைக் காத்த கை, பழக்கம் போகுமா என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளி உள்ளே வந்ததும் தோற்றத்தையும் நடத்தையையும் முதலில் கவனி என்று புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அதை அவள் ஒப்பித்துக் காட்டுவாள், கேட்டால் பக்க எண்ணையும் சேர்த்துச் சொல்வாள்.

அப்பா கேள்விகளை வெளுத்துக்கட்டினார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னால் தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுவத்தொம்பது என்று ஸ்டாப் பெயரைக் கூவுவது போல அடுக்குவார். தினமும் முப்பதுக்கு முப்பது.

அம்மாதான் நடுவில் புகுந்து குட்டையைக் குழப்புவாள். "பால் வாங்கப் போனவரு டார்ச் லைட்டுக்கு பேட்டரி வாங்கிட்டு வர்றாரு. வீட்ல டார்ச் லைட்டே இல்ல. மூக்குக் கண்ணாடி ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கு. போன வாரம் முடி வெட்டிக்கப் போனவரு ராத்திரி எட்டு மணிக்கு வர்றாரு, வெட்டிக்காமயே. கேட்டா பழைய டிரைவரப் பாத்தாராம், பேசிட்டு இருந்தாராம்."

"அம்மா, அவருக்கு ஒண்ணும் இல்ல. நான் தினம் பாத்துட்டுதானே இருக்கேன்? முப்பதுக்கு முப்பது. எனக்கே அவ்வளவு வராது. நீதான் அவர நச்சரிச்சு நச்சரிச்சு பயமுறுத்தி வச்சிருக்க."

"உன் மார்க்க நீயே வச்சுக்க. குடும்பம் நடத்தறது நான்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். கொஞ்ச நேரத்துக்குப் பாத்திரங்கள் பேசும்.

அன்று சாயங்காலமும் மேஜை தயாராக இருந்தது. போனில் ஏழு நிமிடம் வைத்தாள். அப்பா இருமி, தொண்டையைச் சரிசெய்து, "வணக்கம் டாக்டர்" என்றார். நோயாளி வேஷம் போட்டுவிட்டால் மகள் என்று பார்க்க மாட்டார், டாக்டர்தான்.

வருஷம் சொன்னார். மாசம் சொன்னார். கிழமை சொன்னார். அவள் குறித்துக்கொண்டே போனாள்.

"இப்போ மூணு வார்த்தை சொல்றேன். கவனமா கேட்டுத் திருப்பிச் சொல்லுங்க. குடை, சோப்பு, நாற்காலி."

அப்பா ஒரு கணம் அவளைப் பார்த்தார். "குடை, சோப்பு, நாற்காலி" என்றார்.

"ஞாபகம் வச்சுக்குங்க, அப்புறம் கேப்பேன். நூறுலேருந்து ஏழு ஏழா."

தொண்ணூற்று மூன்றிலிருந்து அறுபத்தைந்து வரை பஸ் தடங்கலின்றி ஓடியது. எதிரில் இருப்பவர் முடிப்பதற்குள் அவள் வாயில் அடுத்த கேள்வி வந்து நின்றது. "சரி, அந்த மூணு வார்த்தை என்ன?"

"எலுமிச்சை, சாவி, பலூன்!" என்றார் அப்பா, பரிசு வாங்க வந்தவர் மாதிரி.

அவளுக்கு முதலில் வந்தது எரிச்சல். பரீட்சைக்கு முந்தின நாளா இந்தக் குழப்பம் என்றுதான் தோன்றியது. அதைப் பிறகு நினைத்து நினைத்து அவள் வெட்கப்பட்டாள்.

"அது பழசுப்பா. இன்னிக்குச் சொன்னது?"

"இன்னிக்குச் சொன்னதுதானே..." அப்பாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, கண் மட்டும் மேஜையில் எதையோ தேடியது. சட்டைப் பையிலிருந்து இடது கை மெல்ல வெளியே வந்தது. விரல்களுக்கு நடுவில் டிக்கெட் அளவுக்கு ஒரு சீட்டு. அதை மேஜைக்கு அடியில் வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு ஒளிப்பதை மறந்து மேஜை மேலேயே வைத்துவிட்டார்.

"இதுல இல்லியேம்மா" என்றார்.

கண்டக்டரின் சாய்ந்த கையெழுத்தில் சீட்டு நிறைய இருந்தது. அன்றைய தேதி, கிழமை. 93, 86, 79, 72, 65. எலுமிச்சை, சாவி, பலூன். வருஷத்தை இரண்டு முறை அடித்து எழுதியிருந்தார். ஓரத்தில் கீழே, சின்ன எழுத்தில், மகளின் பெயர்.

மதியம் பெரிய டாக்டர் சொன்னதெல்லாம் இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. மூன்றாம் படுக்கைக்காரர் கையைத் தூக்கிச் சிரித்தது, பேட்டரி, ஃப்ரிட்ஜுக்குள் கண்ணாடி, அம்மாவின் பாத்திரச் சத்தம். உடனே பத்துக் கேள்வி தொண்டைக்கு வந்தது. எத்தனை மாதமாக, தூக்கம் எப்படி, வழி தவறுகிறதா, கை நடுங்குகிறதா. வரிசை கூட மாறாமல் அட்டையில் உள்ளபடியே வந்தது.

"தப்பாச் சொல்லிட்டேனா பாப்பா?" அப்பா வேஷத்தைக் கலைத்துவிட்டார், டாக்டர் போய்ப் பாப்பா வந்திருந்தாள். "உனக்கு நாளைக்கு மார்க் கொறையுமா? நான் தப்பாச் சொன்னா நீ மறுபடியும் ஃபெயிலாயிடுவியோன்னுதான் எழுதி வச்சுக்கிட்டேன். ஏற்கெனவே ரெண்டு தடவ போச்சு."

"கொறையாதுப்பா" என்றாள். "எப்போலேந்துப்பா இப்படி?"

கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். வாயை மூடிக்கொள்வது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்குத் தெரியாது. கால் ஆட ஆரம்பித்தது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. அம்மா கதவோரம் வந்து நின்றுவிட்டாள், உள்ளே வரவில்லை.

"முடி வெட்டிக்கப் போனேன்ல" என்றார் அப்பா கடைசியில். "பழைய டிரைவர்லாம் பாக்கல. திரும்பி வர பஸ்ல ஏறினேன். கண்டக்டர் ஒரு பொண்ணு. எங்க போகணும் சார்னு கேட்டா. எனக்கு..." நிறுத்தினார். "நம்ம ஸ்டாப்பு பேரு வரல. முப்பத்தோரு வருஷம் நானே கூவின பேரு. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க. மானம் போகுதேன்னு கடைசி ஸ்டாப்னு சொல்லிட்டேன். அங்க போயி எல்லாரும் எறங்கிட்டாங்க. நான் மட்டும்..."

போன் அலறியது. ஏழு நிமிடம்.

அப்பா சட்டென்று பேச்சை நிறுத்தி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு மாதப் பழக்கம். "மணி அடிச்சிருச்சே" என்றார்.

"உக்காருங்கப்பா. இது பரீட்சை இல்ல." போனை அணைத்துக் கவிழ்த்தாள். அவர் உட்கார்ந்தார். விட்ட இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதை எடுத்துக்கொடுக்க அவளுக்கு நாக்குத் துறுதுறுத்தது. பொறுத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு வந்து பக்கத்துல உக்காந்தா" என்று தானாகவே பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் கேக்கல. நானும் கண்டக்டர்தாம்மான்னேன். அப்படியா சார்னா. திரும்பிப் போறப்போ டிக்கெட் கிழிக்கல. ஒவ்வொரு ஸ்டாப்பா சத்தமா பேரு சொல்லிக்கிட்டே வந்தா. இப்போல்லாம் யாரு கூவறாங்க? எனக்காகத்தான். நம்ம ஸ்டாப்பு பேரச் சொன்னதும் எனக்குத் தெரிஞ்சிருச்சு. எறங்கிட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பொண்ணு அவசரப்படலம்மா."

அவர் குத்திக்காட்டவில்லை, அந்தப் பெண்ணைப் பாராட்டினார், அவ்வளவுதான். மகளுக்குத்தான் எங்கே படவேண்டுமோ அங்கே பட்டது. முப்பது சாயங்காலம் இதே நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்து முப்பது முறை மார்க் போட்டிருக்கிறாள். ஊர் பேர் தெரியாத ஒரு கண்டக்டர் ஒரே பயணத்தில் கண்டுபிடித்ததை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அழுதாள். அம்மா வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை இருந்தது, சொல்லவில்லை.

"நாளைக்கு நீங்களும் என்னோட வாங்க" என்றாள் மகள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பரீட்சை முடிஞ்சதும் பெரிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அவங்க நிதானமா பாப்பாங்க."

அப்பா தலையாட்டினார். பிறகு சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "அப்போ அந்தப் புது வார்த்தை மூணையும் இதுல எழுதிக் குடுத்துடு. காலைக்குள்ள படிச்சு வச்சுடறேன். பெரிய டாக்டர் முன்னாடி உன் பேரு கெட்டுடக் கூடாது பாரு."

அவள் பேனாவை எடுத்தாள். சீட்டைத் திருப்பி வெறுமையாக இருந்த பக்கத்தில் வீட்டு விலாசத்தை எழுதினாள். அதற்குக் கீழே இறங்க வேண்டிய ஸ்டாப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள். தன் போன் நம்பரையும் அம்மாவின் நம்பரையும் எழுதினாள்.

அப்பா வாங்கிப் பார்த்தார். உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஸ்டாப்பின் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டார்.

"இதுலேருந்து கேள்வி வருமா?"

"வராதுப்பா" என்றாள். "பஸ்ல கேட்டா, இதப் பாத்தே சொல்லலாம்."