இரண்டாம் சரணம்

1984இல் குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம், இசைத்தட்டின் இரண்டாம் சரணத்தில் என் மனைவியின் குரலுக்குப் பதிலாகக் கரகரவென்ற இரைச்சல்தான் வந்தது. தங்கபுஷ்பம் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. நான் தட்டைத் துடைத்து மறுபடி போட்டேன். அதே இரைச்சல்.

கல்யாணத்துக்கு முன் கடையம் சர்ச் பாடகர் குழுவில் அவள் பாடியது அது. நூறு தட்டு அடித்து விற்றார்கள்; எங்கு தேடியும் கிடைத்தது இந்த ஒன்றுதான். மற்ற வரிகளை எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். இரண்டாம் சரணம் மட்டும் அவள் தனியாக. ஐந்து வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன். டாக்டர்கள் உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள், குரலை முடியவில்லை. இப்போது அவள் பேச்செல்லாம் வெறும் காற்று. பக்கத்தில் போனால்தான் விளங்கும். அவள் குரல் என்று உலகத்தில் இருப்பது அந்தத் தட்டில் ஒரு நிமிஷம். அது முழுசாகப் போவதற்குள் கேசட்டில் ஏற்றிவிட வேண்டும். அதற்கு நல்ல ஊசியோடு ஒரு கார்ட்ரிட்ஜ், ஊசி பொருந்துகிற அந்தத் தலைப்பாகம், வேண்டும்.

நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிஜிஸ்டர் எழுதுகிறவன். எதையும் கேட்பதென்றால் கடிதம் எழுதிக் கேட்பேன், வரிசை எண் போட்டு. நான்கு ரேடியோ கடைகளுக்கு ஒரே நாளில் எழுதினேன்: பிளேயரின் மாடல், தட்டின் வயது, என்னால் முடிந்த விலை. இரண்டு கடை பதிலே போடவில்லை. ஒரு கடை விலைப்பட்டியல் அனுப்பியது. அதிலிருந்த காந்த வகை கார்ட்ரிட்ஜ் என் ஒரு மாதச் சம்பளம். நான்காவது, மதுரையிலிருந்து கல்யாணராமன் என்பவர், முன்பின் தெரியாத எனக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தார்.

"காந்த வகை உங்களுக்கு வேண்டாம். அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர் தேவை, வீண் செலவு. செராமிக் வகையிலேயே வைர ஊசி உள்ளதை வாங்கவும். மழுங்கிய ஊசி ஓடிய இடம் தேய்ந்திருக்கும். புது ஊசியின் முனை சிறியது. பள்ளத்தில் இன்னும் கீழே, பழையது தொடாத இடத்தில் ஓடும். அங்கே குரல் மிச்சமிருக்கலாம். ஒன்று கேட்க வேண்டும். ஊசி குதிக்காமலிருக்க அதன் தலையில் காசு வைக்கிறீர்களா? வைத்தால் இன்றே எடுத்துவிடவும். அந்தப் பாரம் தட்டை அறுக்கும்."

ஒவ்வொரு ஞாயிறும், நாலு வருஷமாக, நாலணாவை வைத்துத்தான் போட்டிருந்தேன். ஆசைப்பட்டுக் கேட்கக் கேட்க, நானே அழித்திருக்கிறேன். அவளிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தாள். என் காதருகே வந்தாள்.

"நாலணாவ வச்சு எங் கழுத்த நெரிச்சிருக்கியளே."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணராமன் சொன்ன கார்ட்ரிட்ஜ் தபாலில் வந்ததும் தட்டையும் பிளேயரையும் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு, ரஹ்மத்தின் மைக்செட் கடைக்குப் போனோம். காசு வைக்கச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"அண்ணாச்சி, கல்யாண வீட்டுல ஆட்டம் தாங்காம ஊசி குதிக்கும், அதுக்குச் சொன்னேன். பொஞ்சாதி பாட்டுக்கா வைக்கச் சொன்னேன்?"

மூச்சுக்காற்றில் தங்கபுஷ்பம் ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை.

"தங்கச்சி என்ன சொல்லுது?"

"கழுத்த நெரிச்சதுல உங்களுக்கும் ஒரு பங்கு உண்டாம்."

ரஹ்மத் காதைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு எங்களிடம் கூலிப் பேச்சே எடுக்கவில்லை. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் தட்டு மெதுவாகச் சுற்றும், குரல் ஆம்பிளைக் குரலாகிவிடும் என்று, மதியம் இரண்டு மணிக்கே கடைக் கதவைச் சாத்தினார். மைக்கை ஒலிபெருக்கிப் பெட்டி முன்னால் நீட்டாமல், பிளேயரிலிருந்து டேப் ரிக்கார்டருக்கு நேராக வயர் பற்றவைத்தார். அப்படிச் செய்தால் பஸ் ஹாரன் பாட்டுக்குள் நுழையாதாம். ரிக்கார்டரை ஓடவிட்டு, ஊசியைத் தட்டின்மேல் இறக்கினார்.

குழு பாடியது. முதல் சரணம் போனது. இரைச்சல் இருந்தது, ஆனால் தூறல் அளவுக்கு. அடுத்து ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில், இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறையும் கேட்டிராத ஒன்று கேட்டது. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி பாடுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்தாள்.

கல்யாணராமன் அவர்களை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அன்று அவர் எதிரே இருந்திருந்தால் கையைப் பிடித்திருப்பேன்.

குரல் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம் ஒலிபெருக்கியின் துணிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அடுத்த வரிக்கு முன்னால் தட்டுக்குள்ளே மூச்சு ஏறியபோது, இங்கே அவள் தோள்களும் சேர்ந்தே உயர்ந்தன.